உறை பிரிக்காத பிளேடு

கோபம் என்னோடு கூடப் பிறந்தது. சேலத்தில் எங்கள் தெருவில் காலைப் பூசைக்கு மணி அடிக்குமுன் என் சத்தம் கேட்டுவிடும் என்று அம்மா சொல்வாள். மிட்வைஃப் பயிற்சி முடிந்து முதல் வேலைக்கு உத்தரவு வந்த அன்று, ஜெபமாலையைக் கையில் வைத்துவிட்டு, "போற எடத்துல வாயை மட்டும் அடக்கிக்கோ, மத்ததெல்லாம் ஆண்டவர் பாத்துக்குவாரு" என்றாள். ஆண்டவர் தம் பங்கைச் சரியாகவே செய்தார். நான்தான் என் பங்கில் கோட்டை விட்டேன்.

ஊர், ஜேடர்பாளையம் அணையிலிருந்து பிரிந்து வரும் வாய்க்கால் கரையில் இருந்தது. ஒரு பக்கம் கரும்பு, மறுபக்கம் வெற்றிலைக் கொடிக்கால். ஐம்பதுகள் முடியப்போகிற சமயம். ஊருக்கு வெளியே ஓர் ஓட்டுக் கட்டடத்தில் நாலு இரும்புக் கட்டிலும் ஒரு மேசையும் போட்டு, தாய் சேய் நல விடுதி என்று பலகை மாட்டியிருந்தார்கள். பின்னறையில் நான் தங்கிக்கொள்ள வேண்டும். வேலையில் சேர்ந்து முதல் மூன்று மாதத்தில் அந்தக் கட்டில்களில் படுத்த ஒரே ஆள் நான்தான். பின்னறையில் வெக்கை தாங்காமல் ஒரு மத்தியானம் வந்து படுத்தேன்.

என் வேலை பிரசவம் பார்ப்பது மட்டுமல்ல. ஊரிலும் சுற்றியுள்ள தோட்டத்து வீடுகளிலும் யார் யார் கர்ப்பமாக இருக்கிறார்கள் என்று ஆரம்பத்திலேயே தெரிந்துகொண்டு, பதிவேட்டில் எழுதி, மாதாமாதம் போய்ப் பார்த்து, பிள்ளைப்பேற்றுக்கு அந்த வீட்டையே தயார் செய்ய வேண்டும். எழுதுவதற்கு ஆள் கிடைத்தால்தானே? அங்கே ஐந்து மாதம் ஆகும்வரை எந்தப் பெண்ணும் வாய் திறக்க மாட்டாள். சொன்னால் கண்பட்டுவிடும். இலவசப் பால் பவுடர் வாங்க மட்டும் வருவார்கள். முந்தானையை முன்னால் இழுத்துச் செருகிக்கொண்டு, மூத்த பிள்ளைக்கு என்பார்கள்.

"முழுகாம இருக்கீங்களா?" என்று நேராகவே கேட்பேன்.

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க நர்சம்மா. கொஞ்சம் வாயுங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருந்தேன். அங்கேதான் கண்ணால் பார்த்தேன். மாதம் ஒருமுறை மேற்பார்வைக்கு வருகிற டாக்டரம்மா வெற்றுப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "இந்த ஊர்ல யாருக்கும் கல்யாணமே ஆகலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வழி காட்டியது சந்தை. வாரச் சந்தை கூடும் திடலின் ஓரத்தில், வேப்பமரத்தடியில், ஊர் நாவிதர் ஒரு மணைப்பலகையும் கண்ணாடியும் வைத்து உட்கார்ந்திருப்பார். அவர் மனைவிதான் அந்தப் பக்கத்துக்கே மருத்துவச்சி. ஆண்கள் முடி வெட்டுவதும் பெண்கள் பிரசவம் பார்ப்பதும் அவர்கள் குடும்பத்தில் தலைமுறை வழக்கம். அவள் என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். நல்ல உயரம், வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்கிற பேச்சு. நான் வந்த நாளிலிருந்து அவளும் நானும் எதிரெதிரே கடை போட்டவர்கள் மாதிரிதான். அவள் கடையில் கூட்டம், என் கடையில் ஈ.

ஒரு சந்தை நாளில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நாவிதர் யாரிடமோ, "இந்த மாசம் எனக்கு வேலையே இல்லீங்க. ஆறேழு பேரு தாடி உட்டுட்டாங்க" என்று குறைப்பட்டுக்கொண்டார். பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி, "உங்களுக்குக் கொறஞ்சா எனக்குக் கூடுது, பேசாம இருங்க" என்றாள். இருவரும் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெங்காயக்காரியிடம் கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பொண்டாட்டி மாசமா இருந்தா புருசன் மொகத்துல கத்தி வெக்க மாட்டானுங்க. உங்கூர்ல அதுகூட இல்லீங்களா?"

எங்கள் வீட்டில் இல்லை. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. தங்கைகள் அம்மா வயிற்றில் இருந்தபோதெல்லாம் அவர் தினமும் மழமழவென்று சவரம் செய்துகொண்டுதான் போனார். நான் வெங்காயத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்து சந்தையைப் பார்த்தேன். வெல்லக்காரர், தாடி. மாட்டுத் தரகர், தாடி. கொடிக்காலில் வேலை செய்கிற இரண்டு பேர், தாடி. பெண்டாட்டி முந்தானையில் ஒளிக்கிறதைப் புருஷன் முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு திரிகிறான். நான் மூன்று மாதமாக வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த இடத்திலேயே வாய்விட்டுச் சிரித்தேன். பைத்தியமோ என்று வெங்காயக்காரி கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரத்திலிருந்து தாடிகளின் பின்னாலேயே நடந்தேன். எந்த வீட்டுக்குள் தாடி நுழைகிறதோ அந்த வீட்டு வாசலில் மறுநாள் காலை நான் நிற்பேன். "எனக்கு எல்லாம் தெரியும், மறைக்காதீங்க" என்று அடித்துப் பேசுவேன். பெண்கள் அரண்டு போய் ஒத்துக்கொண்டார்கள். நர்சம்மாவுக்கு முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடுகிறது என்று ஊரில் பேச்சு. யார் முகத்தை என்று நான் சொல்லவில்லை. பதிவேட்டில் ஏழு பெயர் ஏறியது.

எட்டாவது தாடியில் மாட்டிக்கொண்டேன். நல்ல வாட்டசாட்டமான ஆள், அடர்ந்த தாடி, மச்சு வீடு. களத்தில் சோளம் காயப் போட்டுக்கொண்டிருந்த அவன் தாயிடம் போய், பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, "உங்க மருமகளுக்கு எத்தனை மாசம்?" என்று கேட்டேன்.

"மருமகளா?"

"ஆமா, மறைக்காதீங்க."

அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஜாதகத்தில் ஏதோ தடை. அது நீங்கப் பழனிக்கு நேர்ந்து தாடி வளர்த்திருக்கிறான். அந்த அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நாளைக்கு எம் பையனுக்குப் பொண்ணு குடுக்க ஒறம்பரை வாராங்க. நீ இன்னைக்கே புள்ளை எழுத வந்துட்டியா?" நான் கோபக்காரிதான், ஆனாலும் அன்றைக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் ஓடினேன். சம்பந்தம் நல்லபடியாக முடிந்தது என்று கேள்விப்பட்ட பிறகுதான் அந்தத் தெருவில் மறுபடி கால் வைத்தேன். அதிலிருந்து தாடியைக் கண்டால், பழனிக்கா வீட்டுக்கா என்று முதலில் விசாரித்துக்கொள்வேன்.

பெண்களிடம் பேசப் பேச இன்னொன்று புரிந்தது. நான் எதைச் சொன்னாலும், "அவிங்களைக் கேக்கோணுமுங்க" என்பார்கள். வண்டி கட்டுவது, சாமான் வாங்குவது, யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் அவர்கள் கையில் இல்லை. சரி, அவிங்களிடமே பேசுவோம் என்று, சந்தை நாள் மத்தியானம் வேப்பமரத்தடியில் தாடிக்காரர்களைக் கூட்டினேன். முதல் வாரம் என்னைக் கண்டதும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நழுவினார்கள். நாவிதர்தான் உதவினார். "ஏனுங்க, வந்து ஒக்காருங்க. சத்தியமாத் தாடியைத் தொடமாட்டேன்" என்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவருடைய மனைவி ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்று, நான் என்ன உளறுகிறேன் என்று கேட்பாள்.

பிள்ளை பெருத்துவிடும் என்று வீட்டுக்காரிக்குச் சோற்றைக் குறைக்காதீர்கள் என்பேன். காலும் முகமும் வீங்கினால் அன்றைக்கே என்னிடம் கூட்டி வாருங்கள் என்பேன். அதைவிட முக்கியமாக ஒன்று இருந்தது. அந்த ஊரில் வீட்டுப் பிரசவத்தில் தொப்புள்கொடியை அரிவாளாலோ பழைய சவரக்கத்தியாலோ அறுத்து, அறுத்த இடத்தில் அடுப்புச் சாம்பலை அப்புவார்கள். அதில் விஷம் ஏறினால் ஆறாம் நாள், ஏழாம் நாள் பிள்ளைக்கு வாய் கட்டிக்கொள்ளும். பால் உறிஞ்சாது. உடம்பு விறைத்து வளையும். எட்டாம் நாள் பிள்ளை இருக்காது. ஊரில் இதைப் பட்சி தோஷம் என்பார்கள். பறவையின் நிழல் பட்டதாம்.

"இத்தனை மாசம் சவரம் பண்ணாம இருக்கீங்க இல்ல? ஒரே ஒரு புது பிளேடு வாங்குங்க. உறையைப் பிரிக்காம, கொஞ்சம் நூலோட, துவைச்சு வெயில்ல காயவெச்ச பழைய வேட்டியில சுத்தி ஓட்டுச் சரிவுக்குக் கீழ எரவாணத்துல செருகி வைங்க. நான் வந்தாலும் சரி, வேற யார் வந்தாலும் சரி, கொதிக்கிற தண்ணியில போட்டெடுத்த பிளேடுலதான் கொடியை அறுக்கணும். சாம்பல் கூடவே கூடாது."

மாட்டுத் தரகர் எழுந்தார். "எங்காத்தா அரிவாள்லதானுங்க எங்கொடியை அறுத்தா. நான் கல்லுக் கணக்கா நிக்கலீங்களா?"

"உங்ககூடப் பொறந்து, தங்காமப் போனது எத்தனை?"

அவர் விரலை மடக்கினார். ஒரு கை மடங்கி, அடுத்த கையில் ஒரு விரல் மடங்கியதும் உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலமே பிளேடு வாங்கினார்.

இதிலும் ஒரு வில்லங்கம் வந்தது. வெல்லக்காரருக்குப் பிள்ளை பிறந்து பத்து நாளில் தங்கை கல்யாணம் வேறு வைத்திருந்தார்கள். கல்யாண வீட்டுக்கு வந்த மச்சான் எரவாணத்தில் இருந்த பிளேடை எடுத்து ஜம்மென்று முகத்தை மழித்துக்கொண்டு, காகிதத்தைப் பழையபடி மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நல்லவேளை, அது அந்தப் பிள்ளையின் கொடியை அறுத்தது அல்ல, வீட்டில் அடுத்த பிரசவத்துக்கு என்று வாங்கி வைத்த இன்னொரு பிளேடு; அதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. அதன்பிறகு நான் ஒவ்வொரு பிளேடையும் வாங்கிப் பார்த்து, உறையின் மடிப்பு சேரும் இடத்தில் பேனாவால் குறுக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பிரித்தால் கையெழுத்து உடைந்துவிடும். சந்தை நாளில் தாடிக்காரர்கள் பிளேடோடு வரிசையில் நிற்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் சேராமல் ஒரு தாடி மட்டும் தள்ளியே இருந்தது. முப்பது வயது இருக்கும். உப்பு வண்டிக்குப் பின்னால், ஏதோ வாங்க வந்தவர் போல ஒவ்வொரு வாரமும் நிற்பார். நாவிதர் கூப்பிட்டதற்கு, "எனக்கு இல்லீங்க, பழனிக்கு" என்று கையை ஆட்டிவிட்டார். விளக்குமாறு எனக்கு நினைவிருந்தது. நான் அவர் பக்கம் போகவில்லை.

மார்கழி மாதம் என்று நினைக்கிறேன். கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்துகொண்டிருந்தபோது, மருத்துவச்சி முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"நீங்க சொல்றதெல்லாஞ் சரிங்க நர்சம்மா. ஆனா பட்சி தோசம் பிளேடுல போயிருமுங்களா? வாய்க்காலுக்கு அக்கட்ட கரும்புத் தோட்டத்து ஊட்டுல ரெண்டு புள்ளைங்க. ரெண்டும் எட்டு நாள் தாண்டல. நாந்தான் பாத்தேன். என்ன செஞ்சும் நிக்கல."

"கொடியை எதுல அறுத்தீங்க?"

"எங்க ஊட்டுக்காரரு கத்தியிலதானுங்க."

ஊர் முகத்தையெல்லாம் மழித்த கத்தி. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "அப்ப அது பட்சி தோஷம் இல்ல, உன் கத்தி தோஷம். அந்த ரெண்டு பிள்ளைங்களையும் நீதான் கொன்னே!" என்று கத்தினேன். சந்தையே திரும்பிப் பார்த்தது. நீங்க என்று ஆரம்பித்தவள் நீ என்று முடித்திருக்கிறேன் என்பது சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

அவள் உதடு வெளுத்தது. வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டு நடந்து போய்விட்டாள். நாவிதர் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். படிப்பின்படி நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் தெரிந்து எவளாவது அப்படிச் செய்வாளா? அதைச் சந்தையில் வைத்து அவள் முகத்தில் வீச எனக்கு என்ன உரிமை? அம்மா சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்தது, காரியம் கெட்ட பிறகு.

அடுத்த வாரம் அந்தக் கரும்புத் தோட்டத்து வீட்டைத் தேடிப் போனேன். வீட்டுக்காரர் இல்லை. அந்தப் பெண் மட்டும் கரும்புக்குள் சோகை, அதாவது காய்ந்த தோகை, உரித்துக்கொண்டிருந்தாள். சோகை கிழிக்காமல் இருக்கப் புருஷனுடைய பெரிய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டிருந்தாள். தாய் இல்லாதவள், மாமியாரும் இல்லை. என்ன கேட்டாலும், "ஒண்ணுமில்லீங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். இரண்டு பிள்ளையைப் புதைத்தவளிடம் அடித்துப் பேச எனக்கே மனம் வரவில்லை. மோர் கொடுத்தாள், குடித்துவிட்டுத் திரும்பினேன்.

தைப்பூசம் வந்தது. காவடிகள் எங்கள் விடுதி வாசல் வழியாகவே பழனிக்கு நடந்தன. போனவர்கள் மொட்டைத் தலையில் சந்தனமும் கையில் பஞ்சாமிர்தமுமாகத் திரும்பி வந்தார்கள். அதற்குப் பத்து நாள் கழித்து, ஒரு காலை நேரம், மருத்துவச்சி விடுதி வாசலில் வந்து நின்றாள். சந்தையில் நடந்ததற்குப் பிறகு நாங்கள் பேசியதில்லை.

"ஒண்ணு சொல்லோணுமுங்க. சொல்லிப்போட்டுப் போயிடறேன்."

"உள்ளே வாங்கக்கா" என்றேன். அக்கா என்று அதுவரை நான் அவளைக் கூப்பிட்டதில்லை. அவள் உள்ளே வரவில்லை. ஆனால் போகவும் இல்லை.

"உப்பு வண்டிக்குப் பின்னால ஒருத்தரு நிப்பாரே, பழனிக்குத் தாடி உட்டுருக்கேன்னு. தைப்பூசம் போயிருச்சு. ஊரே மொட்டையோட திரும்பி வந்துருச்சு. அவரு பழனிக்குப் போகவுமில்ல, தாடி எறங்கவுமில்ல. எங்க ஊட்டுக்காரரு கேட்டதுக்கு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு சொன்னாராமா."

"யார் அவர்?"

"கரும்புத் தோட்டத்து ஊட்டுக்காரரு."

அந்த முழுக்கைச் சட்டை கண்முன் வந்து நின்றது. எதிரே நின்று மோர் வாங்கிக் குடித்தேனே!

"தாடி நீளத்தைப் பாத்தா மாசம் ஏழுக்கு மேல இருக்குமுங்க" என்றாள் அவள். "என்னைக் கூப்புட மாட்டாங்க. கூப்புடவும் வேண்டாம். நீங்க போங்க. இந்தப் புள்ளையாவது நிக்கோணும்." இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் இதை எனக்குச் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. அவளிடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று இன்றுவரை தெரியாது. "அன்னைக்குச் சந்தையில நான் பேசினது தப்புக்கா" என்றேன்.

"தப்பில்லீங்க. ஊட்டுல வந்து ரோசனை பண்ணிப் பாத்தேன். நீங்க சொன்னது நெசந்தான்" என்றாள். வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஆனா ரொம்பச் சத்தமாச் சொல்லிப்போட்டீங்க" என்றாள்.

நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, "ரெண்டு பேருமாப் போவோம்" என்று பிரசவச் சாமான் பெட்டியை எடுத்தேன். அவள் தயங்கினாள். பெட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் முன்னால் நடந்தேன். வேறு வழியில்லாமல் பின்னால் வந்தாள்.

வாய்க்கால் பாலத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும், வயலில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்த தாடிக்காரர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். நாங்கள் போனபோது கதவுக்குக் குறுக்கே நின்றார். அவருக்குப் பின்னால் அந்தப் பெண், அதே சட்டையில்.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

யாரும் இன்னும் எதுவும் கேட்கவே இல்லை. மருத்துவச்சி வாசலோடு நின்றுகொண்டாள். அவரே அவள் பக்கம் திரும்பிச் சொன்னார்: "போதும் புள்ள. எத்தனை நாளைக்கு ஒளிக்கறது?"

இரண்டு தடவையும் ஊரைக் கூட்டி வளையல் போட்டார்களாம். அதனால்தான் கண்பட்டது என்று, மூன்றாவதை மண்ணுக்கும் தெரியாமல் பெற்றுக்கொள்வது என இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் மறைத்தார்கள். தாடியை மட்டும் மழிக்க அவருக்குத் துணிவு வரவில்லை. அதற்காகப் பழனியாண்டவர் பெயரைச் சொல்லிவிட்டார். "சாமி பேர்ல பொய் சொல்லிப்போட்டேன்" என்று அதை வேறு பெரிய கவலையாகச் சொன்னார்.

பிறகு உள்ளே போய் எரவாணத்திலிருந்து ஒரு வேட்டிச் சுருணையை எடுத்து வந்து என் முன்னால் பிரித்தார். வெளுத்த வேட்டி. அதற்குள் நூல்கண்டு. அதற்குள் உறை பிரிக்காத ஒரு புது பிளேடு.

"நீங்க சொன்னதெல்லாம் வாராவாரம் கேட்டுக்கிட்டேதானுங்க இருந்தேன். ஒண்ணுதான் கொறையுது. எல்லாத்துக்கும் மேல கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க. பக்கத்துல வந்தா ஊருக்குத் தெரிஞ்சுபோயிருமேன்னு நான் வரலீங்க. இதுக்கும் போட்டுக் குடுங்க."

இரண்டு கையாலும் நீட்டினார். திருநீறு வாங்குகிறவர் போல நின்றார். என் கையெழுத்தில் என்னவோ சக்தி இருக்கிறது என்று அந்த ஊர் ஆண்கள் அத்தனை பேரும் நம்பியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வேறு நாளாக இருந்தால் விளக்கம் சொல்லிச் சண்டை போட்டிருப்பேன். அன்று பேனாவை எடுத்து, மடிப்பின் மேல் நன்றாகப் பெரிதாகப் போட்டேன். அவர் பார்க்காதபடி கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, கீழே கடுகளவு ஒரு சிலுவையும் போட்டேன்.

அதற்கப்புறம் வாரம் ஒருமுறை போனேன். சில நாள் நான், சில நாள் மருத்துவச்சி. விடுதிக்கு வந்து கட்டிலில் படுக்க அந்தப் பெண் கடைசிவரை சம்மதிக்கவில்லை. ஊர் நடுவே வண்டியில் போகமாட்டேன் என்றாள். சரி, வீட்டையே கட்டிலாக்குவோம் என்று, ஓர் அறையைச் சாணி போட்டு மெழுகாமல் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். அவரே அடித்தார். தாடியெல்லாம் வெள்ளை.

சித்திரையில் ஒரு காலை, பலகாரக் கடை திறக்கிற நேரத்தில், அவர் சைக்கிளை விடுதி வாசலில் தள்ளிவிட்டு வந்து நின்றார். தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டினார். மருத்துவச்சியையும் கூட்டிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் கொதிக்க வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். மருத்துவச்சி முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். நான் போதும் என்ற பிறகும் கழுவினாள். "பயப்படாத சாமி, நானும் நர்சம்மாவும் இருக்கறோம். மூச்சை உட்டறாத, புடி" என்று அந்தப் பெண்ணின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உச்சிப்பொழுதுக்கு முன்னால் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் என் குரலுக்குப் போட்டியாக ஒரு கத்தல்.

உறையைப் பிரித்து, கொதிக்கவைத்து எடுத்த பிளேடை மருத்துவச்சியிடம் நீட்டினேன். "நீங்க அறுங்கக்கா."

"வேண்டாமுங்க. நான் வேண்டாம்."

"நான் பக்கத்துலதான் இருக்கேன்."

அறுத்தாள். நூலை நான் கட்டினேன். அது முடிந்ததும், இத்தனை வருஷப் பழக்கத்தில் அவள் கை தானாக அடுப்புப் பக்கம் போனது. பாதி வழியில் நின்றது. கையை இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டு, குழந்தையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு எட்டு நாள். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான எட்டு நாள் வேறு இல்லை. தினமும் விடிந்ததும் வாய்க்கால் கரையில் நடப்பேன். வீடு தெரிந்ததும் காதைத் தீட்டிக்கொள்வேன். அழுகைச் சத்தம் கேட்டால்தான் நடை வேகமாகும். ஆறாம் நாள் சத்தமே இல்லை. உள்ளே போனால் தாய் மார்பை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள், குழந்தை வாயைத் திறக்கவில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு முன்பே வந்துவிட்ட மருத்துவச்சி என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். கையைக் கழுவி, சுண்டுவிரலைக் குழந்தையின் உதட்டில் வைத்தேன். வாய் திறந்தது. விரலைப் பிடித்து இழுத்த இழுப்பில் எனக்கு வலித்தது.

"இதுக்கு முன்னால எப்ப பால் குடுத்தே?"

"இப்பத்தானுங்க. ரெண்டு பக்கமும்."

வயிறு நிறைந்து தூங்குகிற குழந்தையை நாலு பேர் சுற்றி நின்று உயிரை விட்டுக்கொண்டிருந்தோம். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், சிரிப்புத்தான் வந்தது.

எட்டாம் நாள் பூராவும் மருத்துவச்சி அந்த வீட்டிலேயே இருந்தாள். ஒன்பதாம் நாள் காலையில், வழியிலேயே கேட்டது குழந்தையின் சத்தம்.

அடுத்த சந்தையில் அவர் உப்பு வண்டிக்குப் பின்னால் நிற்கவில்லை. வேப்பமரத்தடி மணையில் உட்கார்ந்திருந்தார். நாவிதர் ஒரு சொம்பு வெந்நீரில் கத்தியை முக்கி வைத்திருந்தார். "கத்தியை வேவிக்காம யாரையும் தொடக்கூடாதுன்னு எங்க ஊட்ல உத்தரவுங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவர் மனைவி கேட்காதவள் போல வெற்றிலை மடித்தாள். தாடி விழ விழ, உள்ளேயிருந்து ஓர் இளைஞன் வந்தான். தாடையில் சின்னக் குழி. நான் நினைத்ததைவிட ஐந்தாறு வயது குறைவு. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சோப்புப் பட்டுவிட்டது என்றார். சோப்பு கன்னத்தில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு என் கட்டில்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. பாதிப் பேரை மருத்துவச்சியே கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். இரண்டு வருஷம் போயிருக்கும். ஒரு காலை நான் விடுதிக் கதவைத் திறக்கும்போது, வாசலில் அந்தக் கரும்புத் தோட்டத்துக்காரர் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். மகள் அம்மாவின் இடுப்பிலிருந்து இறங்கி, நேராக உள்ளே போய்க் கட்டிலைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அவர் முகத்தில் மூன்று நாள் முள்.

"எழுதிக்குங்க நர்சம்மா" என்றார்.

"எத்தனை மாசம்?"

"நாப்பது நாளுங்க" என்றாள் அவர் மனைவி. முந்தானையை இழுத்துச் செருகவில்லை. வெளியே வெற்றிலை வண்டிக்காரர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

அவ்வளவு சீக்கிரமாக ஒரு பெயரை அந்தப் பதிவேட்டில் அதுவரை நான் எழுதியதில்லை. எழுதி முடித்ததும் அவர் மடியிலிருந்து ஒரு புது பிளேடை எடுத்து மேசைமேல் வைத்தார். இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. கையெழுத்தில் ஒன்றுமில்லை, யாராவது உறையைப் பிரித்தார்களா என்று பார்க்கத்தான் போடுகிறேன் என்று விளக்கினேன்.

"தெரியுமுங்க. மருத்துவச்சி அப்பவே சொல்லிப்போட்டாங்க" என்றார். பேனாவை என் பக்கம் தள்ளி வைத்தார். "ஆனா அதுக்குக் கீழ கட்டைவெரலால மறைச்சுக்கிட்டுச் சின்னதா ஒரு சிலுவை போட்டீங்களே, அதையும் மறக்காமப் போட்டுடுங்க."